மூன்று தூண் தூரம்

சபுராவுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம், சோம்பு எந்த அளவில் சேர்ந்தால் மீன்கறிக்கு ஆகும், எந்த அளவில் சேர்ந்தால் ஆட்டிறைச்சிக்கு ஆகும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். தொண்டியிலிருந்து பதினேழு வயதில் கல்யாணமாகி, கணவரோடு கப்பலேறி மலாயாவில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு வந்தவர். கணவர் கிஃபாயத்துல்லா கடைத்தெருவில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டி வந்த மனிதர், 1949இல் பத்து நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கடை வேறு கைக்கு மாறியது. ஒரே மகள் கைருன்னிசா ரவாங்கில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சபுராவுக்கு மிஞ்சியது ஊருக்கு வெளியே, ஆற்றுப்பக்கம் போகும் செம்மண் சாலையில் இருந்த பலகை வீடும் அந்தக் கைப்பழக்கமும்தான்.

வீட்டுக்குப் பின்னால் உரலைப் போட்டு மசாலாத் தூள் இடித்து விற்கத் தொடங்கினார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, விடிந்ததிலிருந்து பிற்பகல் அசர் தொழுகை வரைக்கும் உலக்கை பிடிப்பார். சலித்த தூளைப் பழைய பேப்பரில் பொட்டலம் மடித்து அடுக்கி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டும் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள். அவர்களுக்கு அவர் ‘பாயம்மா’.

காட்டுக்குள் ஒளிந்து போராடிய கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட எமர்ஜென்சி அந்தப் பெண்களின் அடுப்படி வரை வந்திருந்தது. அங்கங்கே தள்ளித் தள்ளி இருந்த லயங்களை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் வாசல் திறந்தால் வேலைக்குப் போகலாம். பொழுது சாய்ந்து வாசலை மூடிவிட்டால் யாரும் வெளியே வர முடியாது. வாசலில் கூடை, வாளி, மடி எல்லாவற்றையும் சோதித்துத்தான் விடுவார்கள்.

“ரெண்டு மணிக்கு மேலதான் பால் எடுத்துட்டு லயத்துக்கு வர்றோம் பாயம்மா,” என்று வேலம்மா ஒருமுறை சொன்னார். நாற்பது வயது, கணவன் இல்லாதவர், மூன்று பிள்ளைகள். “தண்ணிக் கொழாயில நின்னு, புள்ளைங்களக் குளிப்பாட்டி, ஆக்கி எறக்குறதுக்குள்ள கேட்டு மூடிடுறான். அம்மியில ஒக்கார எங்க நேரம்? நீங்க இடிச்சுக் குடுக்குறதாலதான் எங்க வீட்டுல கொழம்புனு ஒண்ணு இருக்கு.”

நாலு வருஷம் அப்படிப் போனது. பிறகு சபுராவின் வலது தோள் அசைய மறுத்தது. தலைக்கு முக்காடு போடக்கூட இடது கையைத்தான் தூக்க வேண்டியிருந்தது. மருந்தகத்தில் பார்த்தபோது, உலக்கையை இனித் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

சபுராவின் தம்பி இனாயத்துல்லா கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக்கடை நடத்திவந்தார். கிள்ளானில் மசாலா வியாபாரி ஒருவர் தொழிலை மூடிவிட்டு ஊருக்குத் திரும்புகிறார், அவருடைய அரைக்கிற மெஷினும் மோட்டாரும் சும்மா கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு, அக்காவைக் கேட்காமலேயே பேசி முடித்து லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நாலு பேர் சேர்ந்து பின்கட்டில் வைத்தார்கள். சபுரா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“இதுக்கு எண்ணெய் எங்கே ஊத்துறது?”

“எண்ணெயில்ல லாத்தா, கரண்டு.”

“கரண்டு நம்ம ரோட்டுல எங்கேடா இருக்கு?”

இனாயத்துல்லா சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் அதை யோசிக்கவே இல்லை. கடைத்தெருவில் கரண்டு வந்து நாளாகியிருந்தது. மின்சார வாரியத்தின் தூண்கள் வரிசையாக வந்து மரக்கடை முக்கோடு நின்றுபோயிருந்தன. அங்கிருந்து சபுராவின் வீடு கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் கூப்பிட்டால் கரண்டு வராது.

மெஷினைச் சாக்கால் மூடி வைத்துவிட்டு, 1953 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை சபுரா பஸ் ஏறி கோலசிலாங்கூருக்குப் போனார். அவர் அதுவரை ஓர் ஆபீசுக்குள் நுழைந்தது அடையாளக் கார்டுக்குப் படம் எடுக்கத்தான். கரண்டு ஆபீசில் நீளமான விண்ணப்பப் பாரத்தை நீட்டினார்கள். தம்பி பூர்த்தி செய்து கொடுத்தார். சபுரா கைநாட்டு வைத்தார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பாரம் தபாலில் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். யாரும் படித்துச் சொல்வதற்கு முன்பே சபுராவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மறுபடி பஸ் ஏறினார். இந்த முறை கவுண்டருக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பையன் போன்ற ஒருவர் எழுந்து வெளியே வந்தார். பையனில்லை, முப்பது வயது இருக்கும். ஒல்லி, சட்டைக்குள்ளே சிலுவைச் சங்கிலி. பெயர் அம்புரோஸ். புதிதாகக் கரண்டு கேட்கிற இடங்களுக்குப் போய் அளந்து, படம் போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை.

“அக்கா, இது வெளக்குக்குக் கேக்குற பாரம். கடுதாசியில அதான் எழுதியிருக்கு. நீங்க மோட்டார் ஓட்டப் போறதா கீழ எழுதியிருக்கீங்க. மோட்டாருக்கு வேற பாரம் லா. தப்பு ஒண்ணுமில்ல, ஒக்காருங்க, நானே எழுதித் தாரேன்.”

சபுரா அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அம்புரோஸ் மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த தகட்டில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். சபுராவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் பார்த்ததை மறக்காத கண். பேனாவை வாங்கி, அந்தத் தகட்டில் இருந்த எண்களைக் கோலம் போடுவதுபோல ஒவ்வொன்றாக வரைந்து காட்டினார். அம்புரோஸ் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

“எல்லாம் சரியா இருக்குக்கா. வியாழக்கிழமை வாரேன்.”

வியாழக்கிழமை அவர் வாரியத்தின் வண்டியில் வந்தார், முன்னால் போலீஸ் வண்டி ஒன்று துணைக்கு வந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துச் சாலைகளில் அரசாங்க வண்டி தனியாகப் போகாது. அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு மரக்கடை முக்கிலிருந்து நடந்து வந்தார். மூன்று தூண் வேண்டும் என்றார். முதல் தூண் சாலையோரம். மூன்றாவது சபுராவின் வேலியோரம். நடுத்தூண்தான் சிக்கல். அந்த இடத்தில் சாலை ஆற்றை ஒட்டி வளைகிறது. ஒரு பக்கம் கரை சரிந்து கிடந்தது, தூண் நிற்காது. மறுபக்கம் ஒருவருடைய தோட்டம்.

“இது யாரோட நெலம்?”

“ஆ ஹோக்குடையது,” என்று சபுரா சொன்னார்.

ஆ ஹோக் கீரையும் வெள்ளரியும் போட்டு, வாத்து வளர்த்துப் பிழைத்த சீனர். பதினோரு வருஷம் அடுத்த வீடு. கிஃபாயத்துல்லா காய்ச்சலில் கிடந்தபோது தினமும் இளநீர் வெட்டிக் கொடுத்தவர். 1951இல் ஒரு காலையில் ராணுவ லோரிகள் வந்தன. காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போகாமல் தடுக்க, காட்டோரத்தில் தனித்தனியாகக் குடியிருந்த சீனர்களையெல்லாம் வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆ ஹோக்கும் அவர் மனைவியும் பானையையும் பாயையும் லோரியில் ஏற்றுவதைச் சபுரா ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார். கதவைத் திறக்கவில்லை. வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்களைப் பார்த்துப் பயம். லோரி போன பிறகுதான் வெளியே வந்தார். ஆ ஹோக்கின் வாத்துகள் ஐந்து வாய்க்காலில் நின்றுகொண்டிருந்தன. அவற்றை ஓட்டி வந்து தன் கொல்லையில் அடைத்தார். அதைத் தவிர அவர் செய்தது ஒன்றுமில்லை.

“நெலத்துக்காரர் எழுதிக் குடுத்தாத்தான் தூண் நட முடியும்க்கா,” என்றார் அம்புரோஸ். “அவர் எங்கே இருக்காருனு தெரியுமா?”

தெரியும். ஈஜோக் போகிற வழியில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இரண்டு வருஷமாகத் தெரியும். போனதில்லை.

அன்று இரவு தூக்கமில்லை என்றுதான் பின்னாளில் சபுரா சொல்வார். போய் நின்றால் அவர் என்ன நினைப்பார்? கஷ்டம் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டவள், காரியம் என்றதும் வந்து நிற்கிறாள் என்று நினைக்கமாட்டாரா? போகாமலே இருந்துவிடலாம். மகள் வீட்டுக்குப் போய்விடலாம். மருமகன் நல்லவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து வெறுங்கையோடு திரும்பும் வேலம்மாவின் முகமும் கண்ணில் நின்றது.

சனிக்கிழமை வாத்து முட்டை இருபதை எடுத்து, உமியில் பொதிந்து, கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழியில் இரண்டு இடத்தில் சோதனை. முட்டை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்த காவல்காரர், இதெல்லாம் யாருக்கு என்று கேட்டார்.

“வாத்துக்குச் சொந்தக்காரருக்கு,” என்றார் சபுரா.

புதுக்கிராமத்தின் வாசலில் பெயர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்கள். தகரக் கூரை வீடுகள் நெருக்கமாக வரிசையில் இருந்தன. நிழல் தர ஒரு மரம் இல்லை. ஆ ஹோக் வாசலில் உட்கார்ந்து பழைய டயரில் செருப்பு வெட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். சபுராவைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு மலாய் ஒன்றுதான்.

கூடையை வைத்து, “உங்க வாத்து போட்ட முட்டை,” என்றார் சபுரா. “ரெண்டு வாத்து செத்துப்போச்சு. மூணு இருக்கு. மூணும் இன்னும் போடுது.”

ஆ ஹோக் ஒரு முட்டையை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து முட்டைகளைப் பார்த்துவிட்டு சீன மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு எதிர்க் கடைக்குப் போய் ஆரஞ்சு பாட்டில் ஒன்றை வாங்கி வந்து, சபுராவின் கண்முன்னாலேயே மூடியைத் திறந்து கொடுத்தார். தங்கள் வீட்டுப் பாத்திரத்தில் சபுரா குடிக்கமாட்டார் என்பது பதினோரு வருஷப் பழக்கத்தில் அவர்களுக்குத் தெரியும். அதை அவர்கள் மறக்காமல் இருந்ததுதான் சபுராவைக் கலங்கடித்தது.

“அன்னிக்கு நான் வெளியே வரலே,” என்றார். “ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வரலே.”

“தெரியும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்துச்சு,” என்றார் ஆ ஹோக். “நான் உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டேன், வெளியே வராதே, வராதேன்னு. வந்திருந்தா உன்னையும் நிறுத்திவச்சுக் கேள்வி கேட்டிருப்பாங்க. தனியா இருக்கிற பொம்பளை. நீ வராததுதான் சரி.”

சபுரா முக்காட்டின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்த காரியத்தைச் சொல்லவே அவருக்கு இன்னும் கால்மணி நேரம் ஆனது. மெஷின், மோட்டார், மூன்று தூண், நடுத்தூண் எல்லாவற்றையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார்.

“போட்டுக்கோ,” என்றார் ஆ ஹோக். “தூண் நிக்கிறதுக்கு எவ்வளவு இடம் வேணும்? ஒரு வாத்து ஒக்கார்ற இடம். ஆனா ஒரே ஒரு விஷயம். கிணத்துப் பக்கம் ஒரு ரம்புத்தான் மரம் இருக்கே, அது எங்கப்பா நட்டது. அதை வெட்டாம போடச் சொல்லு.”

“வெட்ட விடமாட்டேன்,” என்றார் சபுரா. மரம் எங்கே நிற்கிறது, கம்பி எந்தப் பக்கம் போகும் என்பதையெல்லாம் யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

அம்புரோஸ் எழுதிக் கொடுத்திருந்த தாளில் ஆ ஹோக் சீன எழுத்தில் கையெழுத்துப் போட்டார். கிராமத் தலைவர் சாட்சி போட்டார்.

அடுத்த முறை வந்து அந்தத் தாளைப் பார்த்ததும் அம்புரோஸுக்கு மகிழ்ச்சி. மரத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. படத்தை விரித்துக் காட்டினார். கம்பி நேராக அந்த ரம்புத்தான் மரத்தின் தலைக்குள்தான் போனது.

“அக்கா, தாள்ல மரத்தப் பத்தி ஒண்ணும் எழுதல. வெட்டினா யாரும் கேக்க மாட்டாங்க.”

“நான் வாக்குக் குடுத்துட்டேன் தம்பி. மரம் போகும்னா எனக்குக் கரண்டு வேணாம்.”

அம்புரோஸ் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு நாடாவை எடுத்து மறுபடி அளந்தார். தூணை வேலிப்பக்கம் எட்டு அடி தள்ளி நட்டால் மரம் தப்பும். ஆனால் கம்பி வளைந்து போகும். அந்த இழுப்பில் தூண் சாயாமல் இருக்க, பின்னாலிருந்து ஓர் இழுகம்பி கட்ட வேண்டும். புதிய படம், மேலதிகாரியின் புது ஒப்புதல், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அவர் அதைச் செய்தார். வேண்டாம் என்று தட்டிக் கழித்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் இரண்டு முறை, அந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தபோது வண்டியை நிறுத்தி, “மறக்கல அக்கா, மேல இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனார். பதில் வராத காலத்தில் அந்த ஒரு வரியே தனக்குப் பெரிய பலமாக இருந்தது என்பார் சபுரா.

1954 பிப்ரவரியில் தூண்கள் வந்தன. லோரியில் ஆறு தொழிலாளிகள், துணைக்குப் போலீஸ்காரர்கள் மூவர். நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால் குழி தோண்ட ஒருநாள், தூண் நட ஒருநாள், கம்பி இழுக்க ஒருநாள் என்று வேலை நடந்தது. சபுரா மூன்று நாளும் எல்லோருக்கும் சோறு ஆக்கினார். இடது கையால் கிளறிய மீன்கறி. துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு மூன்று போலீஸ்காரர்களும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாய்ந்த தோளோடு ஓர் அம்மாள் பரிமாறுவதைப் பார்த்த ஒருவர், அடுத்த நாளிலிருந்து தானே எழுந்து சோற்றுச் சட்டியைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குள் வயரிங் வேலையைத் தம்பி ஆள் வைத்து முடித்திருந்தார். சோதித்துப் பார்த்தார்கள், மீட்டர் மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, தன்னுடைய விடுமுறை நாளில், தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு அம்புரோஸ் பஸ்ஸில் வந்தார். வேலம்மாவும் இன்னும் நாலைந்து தோட்டத்துப் பெண்களும் மிளகாயோடு நின்றிருந்தார்கள். சபுரா பிஸ்மில்லா சொல்லி, மெஷினின் வாயில் இரண்டு கை மிளகாயைப் போட்டு, சுவிட்சை அழுத்தினார்.

மோட்டார் ஓடியது. பெல்ட்டு ஓடியது. போட்ட மிளகாய் மட்டும் கீழே இறங்காமல், ஒவ்வொன்றாக மேலே ஏறி வெளியே வந்து விழுந்தது.

சபுரா குனிந்து, விழுந்த மிளகாயைப் பொறுக்கத் தொடங்கினார். இத்தனை பேரை அலைய வைத்து, இத்தனை மாதம் காத்திருந்து, கடைசியில் கெட்டுப்போன மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறோமா என்று நினைத்தார். தம்பி இனாயத்துல்லா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“திருப்பி சுத்துது, அவ்வளவுதான்,” என்றார் அம்புரோஸ். சுவிட்சை அணைத்து, மேலே பியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டாரின் மூடியைக் கழற்றினார். மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றி முடுக்கினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. “இப்பப் போடுங்கக்கா.”

மெஷின் மிளகாயை உள்ளே இழுத்தது. கீழே கட்டியிருந்த துணிப்பையில் சிவப்பாகத் தூள் இறங்கியது. ஒரு வாரம் உரலில் இடிக்கிறது அரை மணி நேரத்தில் முடிந்தது. நெடி ஏறி அத்தனை பேரும் தும்மினார்கள். தும்மலோடு தும்மலாகச் சிரித்தார்கள். வேலம்மா பைக்குள் கையை விட்டுச் சூடாக இருந்த தூளை அள்ளிப் பார்த்தார்.

“பவுடர் மாதிரி இருக்கு பாயம்மா. இதுல ஒரு புள்ளகூட கொறை சொல்லாது.”

சபுரா உள்ளே போய்க் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்து, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்தார். அம்புரோஸ் பணமாக எதையும் வாங்க மறுத்துவிட்டார். மனைவி மாடில்டாவுக்கென்று கொடுத்த கறித்தூள் டின்னை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்த வருஷம் ஜூலையில் ரம்புத்தான் பழுத்தது. சபுரா ஒரு கூடை நிறையப் பறித்துக்கொண்டு புதுக்கிராமத்துக்குப் போனார். அதன்பின் ஒவ்வொரு பழக்காலமும் போனார். ஆ ஹோக் பழைய நிலத்துக்குத் திரும்பவில்லை; எமர்ஜென்சி முடிந்த பிறகும் மகனோடு அங்கேயே இருந்துவிட்டார். வேலம்மா பால்வெட்டை விட்டுவிட்டு சபுராவின் மசாலா மில்லுக்கே வேலைக்கு வந்தார். மெஷினின் சத்தத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் கத்திக் கத்திப் பேசிப் பழகி, மெஷின் ஓடாதபோதும் அப்படியே பேசுவார்கள்.

தூண் மூன்றும் நின்றுவிட்டதால் அந்தச் சாலையில் கரண்டு கேட்பது மற்றவர்களுக்குச் சுலபமானது. முதலில் சைக்கிள் கடை செல்லன் கேட்டு வாங்கினார். பிறகு சூராவ் என்கிற சின்னத் தொழுகைக்கூடம். பிறகு கடைசி வளைவில் இருந்த மலாய்க்காரர்கள் வீடுகள். 1957க்குள் ஏழு இடத்தில் விளக்கு எரிந்தது. “உங்களாலதான் எங்களுக்கும் வந்துச்சு,” என்று யாராவது சொன்னால், சபுரா ஒவ்வொரு பெயராகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்: கேட்காமலே மெஷினை வாங்கிப்போட்ட தம்பி, பாரம் எழுதிய அம்புரோஸ், வாத்து ஒக்கார்ற இடம் கொடுத்த ஆ ஹோக், பெயர் தெரியாத ஆறு தொழிலாளிகள், சோற்றுச் சட்டியைப் பிடித்த போலீஸ்காரர். கேட்டவர்களுக்கு நேரமாகிவிடும். அவர் விடமாட்டார்.

ஏழாவதாக ஒரு வீட்டில் விளக்குப் போட்ட அன்று மாலை அந்த வீட்டார் சபுராவைக் கூட்டிப்போய், சுவிட்சை அவர் கையாலேயே போடச் சொன்னார்கள். போட்டார். தேநீரும் வாழைப்பழம் பொரித்த பிசாங் கோரெங்கும் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாளுக்கு மல்லி காயவைக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு நடந்தார்.